ஊர் சொல்லி வளர்ந்த வீடு

செண்பகவல்லியின் வீடு வளரத் தொடங்கிய வருஷம்தான் நான் கல்யாணமாகிக் கோவில்பட்டி மில் லைனுக்குப் போனேன். மில் மூடி எத்தனையோ காலமாகியும் தெருவுக்கு அந்தப் பெயர் போகவில்லை. தொழிலாளிகளுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள், ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஒட்டி நிற்கும், முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி, அதற்கும் பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் வெளி, அதைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு. எங்கள் வீட்டின் அந்த ஒற்றை அறையில் என் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்ட நாத்தனார், அவளுடைய இரண்டு பிள்ளைகள், இத்தனை பேருக்கு நடுவில்தான் நானும் என் வீட்டுக்காரர் அய்யாதுரையும் புதுப்பெண் மாப்பிள்ளையாக இருந்தோம். அவர் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர், சாயங்காலம் வாசலில் நுழையும்போது வெல்ல வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்துவிடும், அந்த வாசனையைத் தவிர அவரிடமிருந்து எனக்கென்று தனியாக எதுவும் கிடைக்காத நாட்கள் அவை.

எங்களுக்கு அடுத்த சுவர் செண்பகா அக்கா வீடு. அவள் வீட்டுக்காரர் மகாராஜன் அண்ணாச்சிக்குப் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைகளை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. ஒரே மகள் சுடர், ஆறு வயசு. அக்கா போனில் வீடியோ போடுவாள். அடிப்பிடித்துக் கருகின பால்சட்டியை எப்படித் தேய்ப்பது, வெள்ளைச் சட்டையில் விழுந்த வாழைக்கறையை எப்படி எடுப்பது, மழைக்காலத்தில் துணி நாறாமல் எப்படிக் காயப்போடுவது என்று எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு எழுத்தும் மாற்றாமல் பேசுவாள், அந்தப் பேச்சுக்காகவே எங்கெங்கோ இருந்து ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கிறவர்கள் லட்சத்தைத் தாண்டியதும் சென்னையில் இருந்து ஒரு ஏஜென்சிக்காரப் பையன் போன் பண்ணி, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்றான். அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாள்.

மறுநாள் குழாயடியில் வேலம்மாள் மதினி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஒரு வீடியோவுக்கு இருபதாயிரமாம்ல, என் தம்பி மகன் மெட்ராஸ்ல இருந்து சொன்னான்" என்றார். வேலம்மாள் மதினி சொன்னால் அந்தத் தெருவில் அதுதான் பேச்சு. அன்று பொழுது சாய்வதற்குள் லைன் முழுக்க இருபதாயிரம் என்று சொல்லி முடித்தது, அடுத்த நாள் காலையில் செண்பகா அக்கா பின்கதவைத் திறந்தபோது துணிக்கொடி இருந்த இடத்தில் ஒரு அறை நின்றது, சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, ஒரு மூலையில் ஆளுயரத் தண்ணீர்த் தொட்டி நிரம்பித் ததும்பியது. அக்கா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பெருக்க ஆரம்பித்தாள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தோம். தொட்டியைப் பார்த்த வேலம்மாள் மதினி, தான் இத்தனை வருஷமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்த தொட்டி அதுதான் என்று கையை விட்டு அளைந்து பார்த்துச் சொன்னார்.

அதிலிருந்து அப்படித்தான். ஊர் எவ்வளவு சொன்னதோ அவ்வளவுக்கு வீடு வளர்ந்தது, சொன்னவர் பணம் என்றால் எதை நினைத்தாரோ அதுவாகவே அறை வந்தது. டீக்கடைக்காரர் ஐம்பதாயிரம் என்று சொன்ன மறுநாள் முதல் மாடி எழும்பி, கால் வைத்தால் வழுக்குகிற பளிங்குத் தரையோடு நின்றது. ரிட்டயர் ஆன வாத்தியார் ஞானதிரவியம் சார் லட்சம் என்றார், சுவர் முழுக்கப் புத்தக அலமாரியோடு ஒரு அறை வந்தது, ஆனால் ஒரு புத்தகம்கூட இல்லை. மகாராஜன் அண்ணாச்சியின் கடையில் கூட வேலை பார்த்த ஒருவர் கார் வாங்கப் போகிறார்களாம் என்று சொல்லி வைக்க, கார் இல்லாத ஒரு கார் ஷெட் தெருவில் நாலடி நீட்டிக்கொண்டு வந்து, பால்காரர் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டினார். கனடாவில் இருந்து வீடியோ பார்க்கிற யாரோ ஒரு தமிழ்ப் பெண் என்ன எழுதினாளோ, ஐந்தாவது மாடியில் குளிருக்கு நெருப்பு மூட்டுகிற அடுப்போடு ஒரு அறை வந்தது, கோவில்பட்டி வெயிலில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, பிறகு வேலம்மாள் மதினி அதில் வத்தல் காயப்போட்டார்.

அக்கா மறைக்கவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "ஆயிரத்தைந்நூறுதான் மதினி, அதுலயும் ஏஜென்சி கமிஷன் போக, வரி பிடிச்சது போக, மூணு மாசம் கழிச்சு ஆயிரத்துச் சொச்சம் வந்துச்சு. கூட ஒரு பெட்டி பாட்டில் அனுப்புனாங்க" என்று குழாயடியில் வைத்தே சொன்னாள். மசாலாக் கம்பெனிக்காரர்கள் ஆறாயிரம் பேசி நாலாயிரம் கொடுத்தார்கள் என்றும், நைட்டிக் கம்பெனி பணமே தராமல் ஒரே நிறத்தில் ஏழு நைட்டி அனுப்பியது என்றும், குக்கருக்குப் பேசிய பெரிய தொகையில் பாதி இன்னும் வரவில்லை என்றும், வந்ததில் போனுக்கும் விளக்குக்கும் தவணை கட்டினால் மிச்சம் கையில் ஒட்டாது என்றும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நாலு எட்டு நடந்ததும், "நம்மகிட்டயே மறைக்கா பாருங்களேன், அப்ப எம்புட்டு இருக்கும்" என்றார்கள். அக்கா உண்மை சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த நாள் காலையில் ஒரு ஜன்னலோ பால்கனியோ கூடியது.

நகராட்சியில் இருந்து வரி போட ஒருவர் நாடாவோடு வந்து, கீழிருந்து அளந்துகொண்டே மேலே போய், குறித்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் டீக்கடையில் யாரோ தொகையைக் கூட்டிச் சொல்லிவிட்டதால் மறுபடியும் முதலில் இருந்து அளந்தார். கோயில் கமிட்டி ஒரு லட்சம் எழுதிக்கொண்டு வந்து நின்றது. அக்காவிடம் இருந்தது ஒரு பெட்டி பாத்திரத் திரவம், அதைக் கொடுத்து அன்னதானப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னாள், கமிட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனது. ஏஜென்சிப் பையன் மட்டும் சந்தோஷப்பட்டு, இனிமேல் பளிங்குத் தரையில் நின்றே வீடியோ எடுங்கள் அக்கா என்றான், ஆனால் கொடுக்கிற பணத்தைக் கூட்டவில்லை.

அந்தச் சித்திரையில்தான் வேலம்மாள் மதினி முதலில் கேட்டது. "செண்பகா, எங்க மாமாவுக்குக் கீழ புழுக்கம் தாங்கல. உன் மாடியில காத்தோட்டமா ஒரு கட்டில் போட்டுக்கிடவா?"

"போட்டுக்கிடுங்க மதினி. எனக்குப் பெருக்குற வேலை ஒரு ரூம் குறையும்ல."

கட்டில் ஏறியது, பின்னாலேயே தெருவும் ஏறியது. ஞானதிரவியம் சார் காலி அலமாரிகளில் தன் பழைய புத்தகங்களை அடுக்கி, லைன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து டியூஷன் எடுத்தார். தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் நிழலுக்கென்று இரண்டாம் மாடிக்கு வந்தார்கள், டீக்கடைக்காரர் மத்தியானங்களில் தன் பளிங்குத் தரையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து கிடந்தார். சாமி படக் காலண்டர்கள், ஊறுகாய் ஜாடிகள், சைக்கிள்கள், ஒரு தொட்டில், ஒரு தையல் மெஷின், எல்லாம் ஒவ்வொரு மாடியாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் வாடகை பேசவில்லை, யாரும் இது எப்படி நிற்கிறது என்றும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் எதுவும் வாய்க்கவில்லை. ஒருநாள் குழாயடியில் என் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வருமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அம்புட்டுச் சம்பாதிச்சா, உள்ள இருந்து தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரு ரூம் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. மறுநாள் காலையில் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டிக் கூப்பிட்டாள். மூன்றாம் மாடிக்குத் திரும்புகிற படிக்கட்டில் ஒரு சின்ன அறை, ஒரு பாய் விரித்தால் முடிந்துவிடும், மேற்கே பார்த்து ஒரு ஜன்னல், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

"இது யாரு சொன்ன ரூம்னு தெரியல பேச்சி. உனக்கு அளவா இருக்கும்போல" என்றாள். அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அப்படிச் சொன்னாள்.

மாமியாரிடம் அக்காவே வந்து, மாடியில் திருட்டுப் பயம் இருக்கிறது, ஆள் படுத்தால் நல்லது என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறையில்தான் அய்யாதுரை என்னிடம் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தார், அவர் சிரித்தால் இப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜன்னலைத் திறந்தால் கருவேலங்காட்டுக்கு மேலே கரிசல் வானம் சிவந்து கிடக்கும், கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் வரும், எங்கோ மேல் மாடியில் வேலம்மாள் மதினியின் மாமனார் பழைய பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். அந்த ஒன்றரை வருஷம் போல ஒரு காலம் எனக்கு அதற்கப்புறம் வரவில்லை. என் மூத்தவன் அந்த அறையில்தான் உண்டானான்.

சுடருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சின்னதிலிருந்தே காதில் சீழ் வடியும். வீடு பெரிசாகப் பெரிசாக எல்லோரும் மாடிக்கு மாடி கத்தித்தான் பேசினோம், அதனால் அவளும் சத்தத்துக்குத்தான் திரும்பினாள், நாங்களோ காது நன்றாகக் கேட்டுத்தான் திரும்புகிறாள் என்று நினைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லித்தான் அக்கா அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு காதிலும் சவ்வு ஓட்டையாகிவிட்டது, தள்ளிப்போட்டால் மொத்தமாகக் கேட்காமல் போய்விடும், அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்குச் செலவில்லை என்று டாக்டர் சொன்னார். அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்தாள்.

விசாரிக்க வி.ஏ.ஓ. வந்தார். நல்ல மனுஷர், வெயிலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கழுத்தை அண்ணாந்து வீட்டைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் வீட்டைப் பார்த்தார்.

"இதுல மாசம் உங்களுக்கு நாலாயிரம், அவருக்கு அஞ்சாயிரம்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"ஆமா சார். அதுதான் வருது."

"கண்ணு முன்னால ஏழு மாடி நிக்குது. நான் இதுக்குக் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிரும்." பிறகு அவருக்கே மனசு கேட்காமல், "ஒண்ணு பண்ணலாம். அக்கம்பக்கத்துல அஞ்சு பேர் வந்து, இவங்க வருமானம் இதுதான்னு வாயால சொல்லட்டும். அதை எழுதிக்கிட்டுப் போறேன்" என்றார்.

தெரு முழுக்க அங்கே நின்றது. ஒருவரும் முன்னால் வரவில்லை. ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை வருஷம் அவள் வீட்டுக்குள் ஏறி இறங்கியவர்கள் நாங்கள், அவள் அடுப்படியைத் தாண்டித்தான் மாடிப்படி, ரேஷன் அரிசி உலையில் கொதிப்பதையும் தொட்டுக்கொள்ள ஒரு துவையலுக்கு மேல் இல்லாததையும் தினம் பார்த்தபடிதான் ஏறினோம். நம்பாமல் இல்லை, அவள் சொன்ன கணக்கை எப்போதோ நம்பிவிட்டோம், வாயால் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

செண்பகா அக்கா எங்களைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுடரின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். மகாராஜன் அண்ணாச்சிதான், சேலை மடிக்கிற கை சும்மா இருக்காமல் தோளில் கிடந்த துண்டை மடித்து மடித்து, "விடுங்க சார். அவங்களுக்கும் கஷ்டம்தான். நான் எங்கயாவது கடன் கேட்டுப் பாக்கேன்" என்றார்.

வேலம்மாள் மதினி முந்தானையை இழுத்துச் செருகினார். "சார், ஒரு கலர் சோடா குடிங்க. பத்து நிமிசம் பொறுங்க" என்றவர், தன் மகனைப் பார்த்து, "ஏலே, தாத்தாவைக் கட்டிலோட கீழ இறக்கு" என்றார்.

அப்புறம் எல்லோரும் ஏறினோம். ஞானதிரவியம் சார் புத்தகங்களைச் சாக்கில் போட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டாகத் தூக்கினார்கள். வத்தலை அள்ளினார்கள், தொட்டிலை அவிழ்த்தார்கள், தையல் மெஷினை நாலு பேர் பிடித்துப் படிப்படியாக இறக்கினார்கள். நான் எங்கள் அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினேன், அவருடைய இரண்டு சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்தேன், கூட்டிப் பெருக்கினேன், மழை வந்தால் நனையுமே என்று ஜன்னலைச் சாத்தினேன், சாத்திவிட்டு அங்கேயே சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டது. கீழே வேலம்மாள் மதினி கூப்பிடுகிற சத்தம் கேட்டு இறங்கி வந்தேன்.

மதினிதான் முதலில் சொன்னார். "இவளுக்கு மாசம் நாலாயிரம் தேறினாப் பெரிசு சார். அதுவும் சொன்ன தேதிக்கு வராது." அவர் சொல்லி முடித்ததும் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான், தொட்டி நின்ற அறை இல்லை, கருவேலங்காடு தெரிந்தது. டீக்கடைக்காரர், "பாதிக் கம்பெனி சாமான்தான் அனுப்புது சார், பணம் தாரதில்ல" என்றார், பளிங்கு பனிக்கட்டி மாதிரி மங்கிக் கரைந்தது. ஞானதிரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கமிஷனையும் வரியையும் பாடம் நடத்துவது போலத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அய்யாதுரை என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை, என்னிடம் எதையோ ஒப்படைக்கிற மாதிரி பார்த்தார். அவருக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன்.

"அவங்ககிட்ட ஒண்ணும் கிடையாது சார். எங்களை மாதிரிதான் அவங்களும்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்த இடம் வெறும் வானமாக ஆவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஐந்தாவதாக அய்யாதுரை சொன்னார். அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர்களும் முகம் தெரியாதவர்களும் சொல்லிக் கட்டியிருந்த மேல் மாடிகள் தாங்க ஆளில்லாமல், சத்தமே போடாமல், வேட்டி அவிழ்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக் காணாமல் போயின. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு துணிக்கொடி மிஞ்சியது. வி.ஏ.ஓ. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கலருக்குக் காசு கொடுக்கப் பார்த்தார், டீக்கடைக்காரர் வாங்கவில்லை.

சுடருக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே நடந்தது. கட்டு அவிழ்த்து ஊருக்கு வந்த அன்று அந்தப் பிள்ளை குழாயடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "எல்லாரும் எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டது, நாங்கள் சிரித்தோம், வேலம்மாள் மதினி மட்டும் அழுதார். ஏஜென்சிப் பையன், பின்னால் தெரிகிற சுவர் சரியில்லை அக்கா என்று சொல்லி ஆறு மாதம் போன் பண்ணவில்லை, அப்புறம் சாத்தூரில் இருந்து சீயக்காய்த் தூள் விற்கிற ஒருவர் எண்ணூறு ரூபாய் கொடுத்தார், அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள். நாங்கள் என் மகன் பிறந்த மறுவருஷம் தூத்துக்குடிக்கு வந்துவிட்டோம், அய்யாதுரைக்கு இங்கே ஒரு பேக்கரியில் வேலை, இரண்டு அறை உள்ள வாடகை வீடு.

போன மாசம் செண்பகா அக்கா வந்திருந்தாள். சுடருக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி, அவளை அங்கே விட்டுவிட்டு, கையில் ஒரு பை சோப்போடு வந்தாள். முன்நெற்றியில் நரை இறங்கியிருந்தது.

"இப்ப எம்புட்டுக்கா வருது?" என்று கேட்டேன்.

"போன மாசம் மூவாயிரத்து நானூறு. கூட ரெண்டு டஜன் சோப்பு. அதுல பாதிதான் உன் கையில இருக்கு" என்று சிரித்தாள்.

சாப்பிட்டோம். பேச்சு அந்த மாடிகளுக்குத்தான் போனது, அவள் ஒவ்வொரு அறையாக ஞாபகம் வைத்திருந்தாள், எந்த மாடியில் எந்த ஜன்னல் சாத்தாது என்பதுவரை. எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"அக்கா, அம்புட்டு ரூமுல நீங்க எதுல படுத்தீங்க? அதை நான் கேட்டதே இல்ல."

"எதுலயும் இல்ல பேச்சி. நாங்க மூணு பேரும் கீழ பழைய ரூம்லதான். மேல ஏறிப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது. யாராவது உள்ளதைச் சொல்லிட்டா, பிள்ளையோட அந்தரத்துல நிக்கணுமேன்னு பயம்."

"அப்ப எங்களை மட்டும் ஏத்திவிட்டீங்க?"

"உங்களுக்கு என்ன, அது நீங்க சொன்ன ரூமு, உங்களைத் தாங்கும். நான் எனக்குன்னு ஒரு ரூமும் சொல்லலையே" என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு உள் அறையில் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சரிந்தவள், வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே தூங்கிப் போனாள்.

நான் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அய்யாதுரை வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, சுடரை அவரே போய்க் கூட்டிக்கொண்டு வரட்டும், அவசரமில்லை, வருகிற வழியில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து மெதுவாக வரட்டும் என்று அனுப்பினேன். இருட்டுகிறவரை அந்த அறைப் பக்கம் நான் யாரையும் விடவில்லை.